மேப்பில் நகர்ந்த முகம்

தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கோங்க, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், அந்த போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் வருகிறீர்கள். மேப்தானே அது? எங்கே இறங்குவது என்றா பார்க்கிறீர்கள்? உக்கடம் வந்தால் பஸ்ஸே நின்றுவிடும் தம்பி. அதற்கு எதற்கு ஒரு மேப்?

கோபித்துக்கொள்ளாதீங்க. என் பேச்சு அப்படித்தான், முள்ளு முள்ளாக வரும். நானும் மேப் பார்க்கிற ஆள்தான். ஆனால் வழி பார்க்க இல்லை. வழி எனக்கு எதற்கு? இந்த ரோட்டில் எந்தப் புளியமரத்தடியில் எந்த லாரி நின்று மாடு இறக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் பார்த்தது வேறு.

என் பேர் கிட்டுச்சாமி. சந்தையில் மாட்டுத் தரகு. சின்ன வயசில் கயிறு பிடிக்க வந்தவன். மாட்டிடமும் உதை வாங்கினேன், மனுஷனிடமும் உதை வாங்கினேன். படிப்பு என்றால் அந்தப் படிப்புதான். இன்றைக்கு நான் துண்டை உதறினால் பாலக்காட்டு யாவாரி திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் யாவாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாயால் விலை சொல்ல மாட்டோம். வாங்குகிறவர் கை ஒன்று, விற்கிறவர் கை ஒன்று, மேலே ஒரு துண்டு. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் பேசக் கூடாது. எவன் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்து, "சரிப்பா, நீதான் சொல்லு" என்கிறானோ, அவன் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். நான் திறந்ததே இல்லை. ஒரு காங்கேயம் காளைக்குப் பாலக்காட்டு யாவாரி மொய்து பாயும் நானும் துண்டுக்குள் விரலைப் பிடித்தபடியே நின்றோம் பாருங்க, அவர் ஒரு கையால் டீ குடித்தார், நான் ஒரு கையால் டீ குடித்தேன், மழை வந்தது, மழை விட்டது. கடைசியில் அவர்தான் சிரித்துவிட்டார். "கிட்டு, நீ மனுஷனா கல்லா?" என்றார். எனக்கு அது பட்டம் மாதிரி.

மேப் எங்கே வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன். சந்தை நாளில் காலையில் எழுந்ததும் போனில் மேப்பைத் திறந்து கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் ரோடு சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் கேரளத்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று அர்த்தம். வாங்குகிற ஆள் ஜாஸ்தி. அன்றைக்கு விரலை இறுக்கிப் பிடிப்பேன். பச்சையாகக் கிடந்தால் வருகிற விலைக்குத் தள்ளிவிடச் சொல்வேன். மேப் போட்டவனுக்கே இது தெரியாது. சந்தையில் பெரிய பெரிய ஆளெல்லாம், "கிட்டுவுக்கு எப்படி முன்கூட்டியே தெரியுது?" என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இதைக் கற்றுக்கொடுத்தது சுகந்தி. என் மகள். ஒரே மகள்.

அவள் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். தினமும் இதே பஸ்தான். ஒரு நாள் மழையில் பஸ் நின்று வர நேரமாகிவிட்டது. நான் சத்தம் போட்டேன். தெருவே கேட்டது. அவள் என் போனை வாங்கி ஏதேதோ அமுக்கினாள். "இந்தாங்கப்பா, இனிமே நான் எங்க இருந்தாலும் இதுல தெரியும். நான் அணைக்கிற வரைக்கும் தெரியும். கத்தாதீங்க" என்றாள். பார்த்தேன். மேப்பில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் அவள் முகம். ஆனைமலை ரோட்டில் நம் வீட்டு மேலேயே நின்றது. அடுத்த நாள் காலையில் அந்த முகம் கிணத்துக்கடவு தாண்டி மெதுவாக ஊர்ந்து போனது. நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எறும்பு சர்க்கரை தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது தம்பி.

அப்புறம்தான் அந்தப் பையன் வந்தான். கனகராஜ். ஏசி மெக்கானிக். அப்பன் இல்லை, மாமன் இல்லை, ஒரு பெரிய மனுஷனைக் கூட்டி வரவில்லை. தனியாக வந்தான். "சுகந்தியைக் கட்டிக்கலாம்னு இருக்கேனுங்க, நீங்க என்ன சொன்னாலும் சரிங்க" என்றான்.

இதற்கு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. நான் சொன்னேன், பொள்ளாச்சியிலேயே குடியிருக்க வேண்டும் என்று. சரிங்க என்றான். சொந்தக் கடை வைக்க வேண்டும், அதுவரைக்கும் கல்யாணப் பேச்சே கூடாது என்றேன். சரிங்க என்றான். அவன் தாயைத் தனியாக வைக்க வேண்டும் என்றேன். வேண்டுமென்றே சொன்னேன், பொய்க்குச் சொன்னேன், ஒரு தடவையாவது முறைப்பான், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வான் என்று. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். சரிங்க என்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிறவன் யார் தம்பி? ஒன்று, சரக்கோட மதிப்புத் தெரியாதவன். இல்லை, ஏமாற்ற வந்தவன். என் மகளுக்காக ஒரு விரலைக்கூட இழுக்காதவன் நாளைக்கு அவளுக்காக எதை இழுப்பான்? "எந்திரி, வெளியே போ" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, "வர்றேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அதற்கும் சண்டை போடவில்லை.

சுகந்தி கதவோரம் நின்றிருந்தாள். "அப்பா, அவர் உங்களுக்குப் பயந்து சரின்னு சொல்லல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "அப்ப எதுக்குச் சொன்னானாம்?" என்று கேட்டேன். அந்த வாரமே போய்விட்டாள். மருதமலையில் கல்யாணம். மேப்பில்தான் பார்த்தேன். மலை மேலே அந்த முகம் ஏறினது, ரொம்ப நேரம் நின்றது, இறங்கினது. நான் போகவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நான் எப்படிப் போவேன்?

ஒன்று கவனித்தீர்களா? கோபத்தில் போனவள் அதை அணைக்க மறந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், விளக்கை அணைக்க மாட்டாள், ஃபேனை நிறுத்த மாட்டாள். மயிலாத்தா, என் சம்சாரம், பின்னாலேயே போய் அணைப்பாள். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. அவள் கை துண்டுக்குள் இருக்கிறது, என் கையும் இருக்கிறது. அவளாகப் பேசட்டும் என்று விட்டேன். அவளும் பேசவில்லை. என் ரத்தம்தானே.

சிங்காநல்லூரில் குடியிருந்தார்கள். அந்த வீடு எனக்கு நன்றாகத் தெரியும். மேலே இருந்து பார்க்கிற மாதிரி ஒன்று இருக்கிறதே, அதில் பார்த்தேன். ஓட்டு வீடு, பின்னால் ஒரு தகரம், பக்கத்தில் கறுப்புத் தண்ணித் தொட்டி, வாசலில் ஒரு மரம். அது வேம்பா முருங்கையா என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. மழை பெய்தால் அந்தத் தகரம் ஒழுகுமே என்று நினைப்பேன். காலையில் முகம் மில் ஆபீசுக்குப் போகும். சாயந்திரம் காய்கறிக் கடையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அசையாது, தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானம் ஆகியும் அசையவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் கறிக்கடைப் பக்கம் நகரும். சரி, நன்றாக இருக்கிறாள் என்று கை கழுவுவேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவள் பொள்ளாச்சிக்கே வருவாள் தம்பி. மாரியம்மன் கோயிலுக்கு. கோயமுத்தூரில் கோயிலா இல்லை? இங்கேதான் வருவாள். மயிலாத்தாவும் வெள்ளிக்கிழமைதான் அந்தக் கோயிலுக்குப் போவாள், அதே நேரம். இத்தனை வாரத்தில் ஒரு நாள்கூட ரெண்டு பேரும் சந்தித்துக்கொண்டதில்லை. என்ன தலையெழுத்து பாருங்க. ஒரே கோயிலில் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் சுற்றி வருகிறார்கள். சொன்னால் அழுவாள் என்று நான் மயிலாத்தாவிடம் சொல்லவில்லை. அவள் பாவம், கோயிலுக்குப் போய் வந்தால் முகம் தெளிந்திருக்கும். வடை, சுண்டல் என்று பை நிறையக் கொண்டுபோவாள், பிரசாதம் கொடுக்கிறேன் என்று. திரும்பி வரும்போது புடவையெல்லாம் பால் வாசம், பவுடர் வாசம். கூட்டத்தில் எவளோ கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் என்பாள். வாராவாரம் சொல்வாளா என்று கேட்டேன். "ஆமாங்க, குழந்தைக்காரிகளுக்கு என்னைக் கண்டா நம்பிக்கை" என்றாள். இருக்கலாம், அவள் முகம் அப்படி.

அந்தச் சமயத்தில்தான் வட்டத்துக்குள் இருந்த முகம் மாறினது. சுகந்தி முகத்தைக் காணோம், ஒரு குழந்தை முகம். மொட்டை போட்டிருந்தது. கன்னத்தில் பொட்டு. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு விரலை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். தெரு பெரிசாகிறது, வீடு பெரிசாகிறது, தகரக் கூரை போன் முழுக்க வந்துவிடுகிறது. அந்த முகம் மட்டும் பெரிசாக மாட்டேன் என்கிறது. எவ்வளவு இழுத்தாலும் அதே பட்டாணி அளவுதான். டீக்கடையில் உட்கார்ந்து அரை நாள் இழுத்தேன். ரோட்டைப் பெரிசாக்கத் தெரிந்தவனுக்கு ஒரு குழந்தை மூஞ்சியைப் பெரிசாக்கத் தெரியாதா? என்ன மேப் போடுகிறார்கள்.

போன மாசம் ஒரு சந்தை நாள். நல்ல கூட்டம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தால், அந்தக் குழந்தை முகம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இல்லையே அது. கோயில் பக்கம் போகவில்லை. நேராகச் சந்தை ரோட்டில் வருகிறது. வருகிறது, வருகிறது. சந்தை வாசல். தண்ணித் தொட்டி. வேப்ப மரம். மேப்பில் நான் ஒரு நீலப் புள்ளி. அந்த முகம் வந்து என் புள்ளி மேல் அப்படியே ஏறி நின்றது. என் புள்ளியே தெரியவில்லை.

தலையை நிமிர்த்தினால் தெரியும். நான் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் பேசின மாதிரிதானே? அவளாக, "அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ்வளவு தூரம் வந்தவளுக்கு அது என்ன பாரம்? மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குழந்தை சிணுங்கினது. டீக்கடைக்காரன், "கிட்டண்ணா, இங்க..." என்று ஆரம்பித்தான். வாயை மூடு என்று கை காட்டினேன். போனையே பார்த்தேன். முகம் நகரவில்லை. நானும் நகரவில்லை. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

அப்புறம் முகம் என் புள்ளியை விட்டு இறங்கினது. வேப்ப மரம், தண்ணித் தொட்டி, வாசல். ரோட்டுக்குப் போன பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மாட்டு முதுகுதான் தெரிந்தது. டீக்கடைக்காரன் கிளாசைத் தேய்த்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான். "என்னடா பார்வை?" என்று அவனிடம் பெரிய சண்டை. நான்தான் ஜெயித்தேன் தம்பி, ஆனால் அன்றைக்கு ஒரு மாட்டுக்கும் விலை படியவில்லை. விரலைப் பிடித்தால் என்ன பிடிக்கிறேன் என்றே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் பீளமேடு போனது. ஏரோப்ளேன் இறங்குகிற இடம். குழந்தைக்கு ஏரோப்ளேன் காட்டக் கூட்டிப்போயிருக்கிறான் என்று நினைத்தேன். பரவாயில்லையே, பையனுக்கு அந்தப் புத்தியாவது இருக்கிறது என்று தோன்றியது. சுகந்தியை நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை, சந்தையைத் தவிர. அங்கேயே முகம் நின்றது. அப்படியே நின்றது. மறுநாள் பார்த்தால் இல்லை. சிங்காநல்லூரில் இல்லை. மில் ஆபீசில் இல்லை. மாரியம்மன் கோயிலில் இல்லை. தெருத் தெருவாக விரலால் தேய்த்துத் தேடினேன். போன் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அவன் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்குங்க பெரியவரே" என்றான். கெட்டதைச் சரி பண்ணத் தெரியாதவன் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்வான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மயிலாத்தா அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டு விசேஷம் என்று கோயமுத்தூர் போய் வந்தாள். வந்ததிலிருந்து கண் சிவந்து தண்ணியாகக் கொட்டுகிறது. மெட்ராஸ் ஐ. சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

இன்று காலையில் சட்டையை மாட்டினேன். சிங்காநல்லூர் போகிறேன் என்று சொல்லவில்லை, ஒரு மாடு பார்க்கப் போகிறேன் என்றேன். அந்தத் தெருவில் நடக்கப் போகிறேன், அவ்வளவுதான். பேசப் போவதில்லை. அவள் வெளியே வந்தால் பார்ப்பேன். அவளாகக் கூப்பிட்டால் நிற்பேன். மேலே இருந்து பார்த்த வீடு கீழே இருந்து தெரியுமா என்றுதான் யோசனையாக இருக்கிறது. தகரம் பின்பக்கம், தொட்டி மேலே. ரோட்டில் நிற்கிறவனுக்குக் கூரை தெரியாதே.

நீங்கள் படித்த பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள். இந்தாங்க, இந்த போனைக் கொஞ்சம் பாருங்க. இங்கேதான் இருக்கும் அந்த முகம். இல்லை, பெரிசாக்க வேண்டாம், அதெல்லாம் பண்ணிப் பார்த்துவிட்டேன்.

எதற்குச் சின்னதாக்குகிறீர்கள்? கோயமுத்தூரே கடுகாகப் போய்விட்டது. அவள் கோயமுத்தூரில்தான் இருக்கிறாள். நான் இதற்கு மேல் சின்னதாக்கிப் பார்த்ததே இல்லை, எனக்கு எதற்கு? இது கேரளம். இது கடல். கடலில் எதற்குத் தேடுகிறீர்கள்?

இருங்க.

அதேதான். அதே மொட்டை. கன்னத்தில் பொட்டு. இது எந்த ஊர்? வாசியுங்க.

ஷார்ஜா.

தப்பாகக் காட்டுகிறதா தம்பி? மேப் தப்புக் காட்டும் அல்லவா? ரோடு இல்லாத இடத்தில் ரோடு காட்டும். நேற்றைக்கு நின்ற இடத்தை இன்றைக்குக் காட்டும். இப்போது, இந்த நிமிஷம் அங்கே இருப்பதாகவா போட்டிருக்கிறது?

அப்படியென்றால் அன்றைக்குச் சந்தைக்கு வந்தது...

மயிலாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை, பால் வாசம், சிவந்த கண்ணு. எல்லாரும் துண்டுக்குள் கையை விட்டு என் மகளைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறார்கள், நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். என்னை. சந்தையில் என்னை ஒருத்தன் இப்படிச் செய்ததில்லை. இருங்க, அவளைக் கேட்கிறேன். ஒரு நிமிஷம்.

ஏய், மயிலா. ஆமா, பஸ்ஸிலதான். மாடும் இல்ல ஒண்ணும் இல்ல. சுகந்தி எங்க? சொல்லு. எனக்குத் தெரியும், உன்ற வாயால சொல்லு. எதுக்கு என்கிட்டச் சொல்லல?

என்னது?

கேட்டீங்களா தம்பி. "நீங்க ஒரு நாள் அவளப் பத்திக் கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்கிறாள். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்களா? பார்க்கட்டும்.

மயிலா, அழுகாத. அன்னைக்குச் சந்தைக்கு அவ எதுக்கு வந்தா? ம். ம். சொல்லிக்கத்தான். ஊருக்குப் போறேன்னு சொல்லிக்க. அது ஆணா பொண்ணா? பேரு? ... நல்ல பேரு. சரி. நல்ல பேரு.

இங்க பாரு. அவ பழைய நம்பர் இப்ப போகுமா? போகாதா. அப்ப புது நம்பர் இருக்குமே, அதச் சொல்லு. எழுதிக்க வேண்டாம், பக்கத்துல ஒரு தம்பி இருக்கார், சொல்லு.

...

சரி. சரி. அப்படியே பண்ணு. ஆனா ஒண்ணு. நான்தான் கேட்டேன்னு சொல்லு. நீ கேக்கச் சொல்லலைன்னு சொல்லு. நானா, முதல்ல, கேட்டேன்னு சொல்லிரு.

வைத்துவிட்டாள். நம்பர் கேட்டேன் தம்பி. "அவகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்கிறாள்.

என் மகள் நம்பரை எனக்குக் கொடுக்கலாமா என்று என் மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாளாம்.

உக்கடம் வந்துவிட்டதா? நீங்கள் இறங்குங்க, உங்களுக்கு வேலை இருக்கும். நான் இறங்கினால் அந்த ரோட்டு இரைச்சலில் போன் அடிப்பது காதில் விழாது. கண்டக்டர் வந்து விரட்டுகிற வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.